பஸ்ஸுக்கு மூன்று மணித்தியாலம் இருக்கிறதா? புறக்கோட்டையில் நமது சரித்திரம்

இசுருபாயவில் ஒரு கையெழுத்து, ஏதாவதொரு கந்தோரில் நேர்முகப் பரீட்சை, கடைக்குச் சாமான் கொள்வனவு. கிழக்கிலிருந்து கொழும்புக்குப் போகும் நம்மில் பலர் இப்படி ஒரு அலுவலாகத்தான் போகிறோம். இரவு பஸ்ஸில் போய், பகலில் அலுவலை முடித்து, அடுத்த இரவு பஸ்ஸிலேயே திரும்பிவிடுகிறோம். அலுவல் நேரத்தோடு முடிந்தால் மூன்று மணித்தியாலம் கையில் மிஞ்சும். அது பெரும்பாலும் பஸ் நிலையத்து வாங்கில் கழிகிறது.

மூன்று மணித்தியாலத்தில் கொழும்பு முழுவதையும் பார்க்க முடியாது. நூதனசாலைக்கு ஓடி, காலிமுகத்திடலுக்கு ஓடினால், த்ரீவீலுக்குக் கொடுத்த காசுதான் கடைசியில் நினைவிருக்கும். ஒரே இடத்தை, ஒரே கேள்வியோடு பாருங்கள். பஸ் புறப்படும் புறக்கோட்டையே போதும். கேள்வி இதுதான்: இந்தத் தெருக்களில் சோனகருக்கு இருந்த இடம் எப்போது பறிபோனது, எப்போது திரும்பக் கிடைத்தது?

புறப்படுமுன் கொஞ்சம் பின்னணி. 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா கொழும்பை ‘கலன்பு’ என்று குறிப்பிட்டு, நாட்டின் பெரிய, அழகான நகரங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார். அக்காலத்திலேயே இது முஸ்லிம் வணிகர்கள் புழங்கிய துறைமுகம். போர்த்துக்கீசர் வந்த பிறகு நிலைமை மாறியது. வாசனைத் திரவிய வியாபாரத்தில் அவர்களுக்குப் பெரிய போட்டி சோனகர்தான். 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து சோனகரை அவர்கள் வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்து, சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். கிழக்கில் முஸ்லிம்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். ஆனால் நம்மில் சிலருடைய மூதாதையர் நடந்து வந்த பாதை, நாம் இரவு பஸ்ஸில் போகும் பாதையின் மறுபக்கம்தான்.

இனி நடப்போம். கோட்டைப் பக்கமிருந்து வந்தால் முதலில் கான் மணிக்கூட்டுக் கோபுரம். 1923இல் ஒரு பார்சிக் குடும்பம் தங்கள் தந்தையின் நினைவாகக் கட்டியது. இங்கிருந்து பிரதான வீதி நேராக உள்ளே போகிறது.

வழியில் திரும்பி பிரின்ஸ் வீதிக்குப் போனால் ஒல்லாந்தர் கால நூதனசாலை. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆளுநர் தோமஸ் வான் ரீயின் இல்லமாக இருந்த கட்டடம். பிற்காலத்தில் தபாற் கந்தோராகவும் இருந்தது, 1982இல் நூதனசாலையானது. திறந்திருக்கும் நாளை முதலே விசாரித்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தாலும் வெளியே நின்று அந்தத் தூண்களைப் பாருங்கள். அந்த வீட்டுக்காரர்களின் ஆட்சியில் கோட்டைக்குள்ளும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடு, காணி வாங்குவதற்குத் தடை போடப்பட்டது. நாட்டில் தங்கியிருப்பதற்காக ‘ஊழியம்’ என்ற கட்டாய வேலையும் செய்ய வேண்டியிருந்தது. இங்கே பிறந்தவர்களையும் அந்நியராகவே அந்தச் சட்டம் பார்த்தது. காணித் தடை நீங்கியது ஆங்கிலேயர் காலத்தில், 1832இல்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளி. ஜாமிஉல் அல்ஃபார் என்பது பெயர். பழைய ஆட்கள் சம்மாங்கோட்டார் பள்ளி என்பார்கள். இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தார்கள். வரைந்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. கட்டடக்கலையை முறையாகப் படித்தவர் அல்ல. லுஹரையோ அஸரையோ இங்கே தொழுதுவிட்டு, இரண்டு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். சொந்தமாக ஒரு பேர்ச் காணி வாங்க முடியாதிருந்த இடத்தில், கப்பலில் வருபவர்களுக்கே அடையாளமாக நின்ற பள்ளி எழும்பியிருக்கிறது. இடையில் கழிந்தது 77 வருடம்.

பிரதான வீதியின் மறுமுனையில் பழைய நகர மண்டபம். 1873இல் கட்டப்பட்டது. கட்டியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். கொழும்பு நூதனசாலையைக் கட்டியவரும் அவரே. 1892இல் சாஹிராக் கல்லூரி உருவாக அறிஞர் சித்திலெப்பையோடு உழைத்தவரும் அவரே. தடை நீங்கி 41 வருடத்தில் அந்த நகரத்தின் மண்டபத்தையே கட்டும் பொறுப்பு ஒரு சோனகரிடம் வந்தது.

பக்கத்திலேயே கேமன்ஸ் கேட் மணிக்கூண்டு. ‘கேமன்’ என்றால் ஒல்லாந்த மொழியில் முதலை. அந்தக் காலத்தில் நகரத்துக்குள் நுழையும் வாயில்களில் இதுவும் ஒன்று. வாயிலைத் தாண்டி வெளியே நடந்தால் கொஞ்ச தூரத்தில் பழைய சோனகத் தெரு வருகிறது. பெயரே மீதிக் கதையைச் சொல்லும்.

நிற்காமல் நடந்தால் இவ்வளவும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். நின்று பார்த்தால் இரண்டு. மூன்றாவது மணித்தியாலத்தில் பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்கலாம், தேநீர் குடிக்கலாம், பஸ்ஸையும் பிடிக்கலாம். சாமான் பையோடு நடப்பது கஷ்டம்; அதனால் நடையை முதலிலும் கொள்வனவைக் கடைசியிலும் வையுங்கள். வெள்ளிக்கிழமையாக இருந்தால் ஜும்ஆ நேரத்தைக் கணக்கில் எடுங்கள்.

‘நீங்கள் எப்போது இந்த நாட்டுக்கு வந்தீர்கள்?’ என்ற கேள்வியை நம் பிள்ளைகள் எங்காவது ஒருநாள் சந்திப்பார்கள். அப்போது கோபப்படுவதைவிட, தெருவின் பெயரையும் வருடத்தையும் சொல்லத் தெரிந்த பிள்ளை நிமிர்ந்து நிற்கும். பாடப்புத்தகத்தில் இதற்குக் கிடைப்பது சில வரிகள்தான். மீதியை நாம்தான் காட்ட வேண்டும்.

ஒரு வேண்டுகோள். இளவயதில் புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்த பெரியவர்கள் நம்மூரில் இன்னும் இருக்கிறார்கள். எந்தத் தெரு, எந்த வருடம், யாருடைய கடை என்று அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். கல்லில் கட்டியது இன்னும் நிற்கும். அவர்களுடைய ஞாபகம் அப்படிக் காத்திருக்காது.