கெய்ரோ கெனிசா ஏடுகள்

பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில், பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடத்தின் அறையொன்றில் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த கையெழுத்து ஏடுகள். இவற்றின் மிகப் பெரிய பகுதி, ஏறத்தாழ 1,93,000 துண்டுகள், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது.

கடவுளின் பெயர் எழுதிய தாளை யூதர்கள் குப்பையில் எறிவதில்லை. மண்ணில் புதைப்பது மரபு. அதுவரை போட்டுவைக்கும் இடமே கெனிசா. ஃபுஸ்தாத்து மக்கள் கிழிந்த மறைநூல்களோடு திருமண ஒப்பந்தம், கடைக் கணக்கு, வீட்டுக் கடிதம், பிள்ளைகள் எழுத்துப் பழகிய தாள் ஆகியவற்றையும் உள்ளே போட்டார்கள். பெரும்பாலானவற்றைப் புதைக்காமலும் விட்டார்கள். எகிப்தின் வறண்ட காற்று அவற்றைக் காத்தது.

1896 மே மாதம், ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்னும் இரட்டைச் சகோதரிகள் தாங்கள் வாங்கிவந்த ஏடொன்றைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டரிடம் காட்டினர். ‘சீராக்கின் ஞானம்’ நூலின் தொலைந்துபோன எபிரேய மூலத்தின் ஒரு பகுதி அது என்று அவர் கண்டார். அது இந்தக் கெனிசாவிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதி, அவ்வாண்டு இறுதியிலேயே, செயின்ட் ஜான்ஸ் கல்லூரித் தலைவர் சார்லஸ் டெய்லரின் பொருளுதவியோடு கெய்ரோ சென்று, சமூகத் தலைவர்களின் இசைவுடன் ஏடுகளைப் பெற்றுவந்தார். 1898இல் அவை டெய்லர்-ஷெக்டர் தொகுப்பாகப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டன.

சமய ஏடுகளையே அறிஞர்கள் முதலில் தேடினர். கணக்கும் கடிதமும் பல்லாண்டுகள் பெட்டிகளில் கிடந்தன. தொகுப்பின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது என்பதை 1950களிலிருந்து வரலாற்றறிஞர் எஸ். டி. கொய்த்தைன் தம் உழைப்பால் காட்டினார். அவற்றில் பெரும்பாலானவை எபிரேய எழுத்தில் எழுதிய அரபு மொழியில் உள்ளன. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் அறிந்தவர்களுக்கு இம்முறை விளங்கும்.

நம் மேற்குக் கடற்கரையும் அக்கடிதங்களில் உண்டு. துனீசியாவில் பிறந்த ஆபிரகாம் பென் யிஜு 1132 முதல் 1149 வரை மங்களூர்ப் பக்கம் வாழ்ந்து மிளகு, பாக்கு, இரும்பு வணிகம் செய்தார். ஏடனிலிருந்து உடைந்த வெண்கலப் பாத்திரங்கள் வரும். அவருடைய பட்டறையில் புதிதாக வார்த்துத் திருப்பி அனுப்புவார். கூட்டாளிகள் சர்க்கரை, உலர்திராட்சையோடு காகிதமும் அனுப்பினர். ஓலையில் எழுதும் நாட்டில் காகிதம் அரிது. எனவே வந்த கடிதங்களின் வெற்றிடத்திலேயே அவர் கணக்கெழுதினார். கடிதங்களில் வரும் ‘ஃபதன் சுவாமி’ என்ற கப்பல் உரிமையாளரின் பெயரில் ‘பட்டணசுவாமி’ என்னும் வணிகர் பட்டம் ஒலிக்கிறது.

தத்துவ அறிஞர் மைமோனிடிசின் தம்பி தாவீது, 1170 அளவில் செங்கடல் துறையான ஐதாபிலிருந்து அண்ணனுக்கு எழுதிய கடிதமும் இங்குண்டு. பாலைவனத்தைக் கடந்த அச்சத்தைச் சொல்லி, இந்தியாவுக்குக் கப்பலேறப் போவதாகத் தெரிவித்து, வீட்டாருக்கு ஆறுதல் கூறுகிறார். அவர் கடலில் மூழ்கி இறந்தார். அண்ணன் ஓராண்டு அளவுக்குப் படுக்கையில் விழுந்தார்.

1974இல் கேம்பிரிட்ஜில் ஸ்டெஃபன் ரீஃப் தலைமையில் கெனிசா ஆய்வுப் பிரிவு தொடங்கப்பட்டபின், துண்டுகள் ஒளிபுகும் உறைகளுக்குள் பாதுகாக்கப்பட்டன. பின்னர் இணையத்திலும் படங்களாக ஏறின. லூயிஸ், கிப்சன் சகோதரிகள் திரட்டியிருந்த 1,700க்கும் மேற்பட்ட துண்டுகளை 2013இல் கேம்பிரிட்ஜும் ஆக்ஸ்போர்டும் சேர்ந்து வாங்கின.