காளி கலங்கிய கணம்

1978-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி வெளியான 'முள்ளும் மலரும்' படம், கீழப்பாவூர் டூரிங் கொட்டகைக்கு வந்து சேர்வதற்குள் மறு வருஷத்துச் சாரல் காலம் பிறந்துவிட்டது. குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கினால் எங்கள் ஊரிலும் காற்றுக் குளிரும், தூறல் போடும். அப்படி ஓர் இரவில், முன்னால் இருப்பவர் தலை மறைக்காதபடி மணலைக் குவித்து மேடாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் அண்ணாச்சி. தகப்பனார் காலமான பிறகு எங்களை வளர்த்து ஆளாக்கியவர். மூன்று வருஷமாக அக்காள் வீட்டு வாசலை மிதியாதவர். அத்தானை அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான் காரணம்.

கதை எங்கள் ஜில்லாக்காரருடையது. முன்னீர்பள்ளத்தில் பிறந்த உமாசந்திரன் எழுதி, 1966-இல் 'கல்கி' வெள்ளிவிழா நாவல் போட்டியில் பரிசு பெற்றது. நாடக மேடையிலும் திரையிலும் புகழ்பெற்ற பூர்ணம் விசுவநாதன் இவருடைய சகோதரர். நாவலில் காளியின் கையைப் பறிப்பது ஒரு புலி. படத்திலோ, ஆத்திரத்தில் குடித்துவிட்டுக் கிடப்பவன் கைமேல் லாரி ஏறிவிடுகிறது. டைரக்டர் மகேந்திரன் செய்த மாறுதல் அது. புலியிடம் கையை இழந்தவன் வீரனாகிவிடுவான். லாரியிடம் இழந்தவனுக்கு அந்த ஆறுதல்கூட இல்லை!

இந்த மகேந்திரன்தான் 1974-இல் வந்த 'தங்கப்பதக்க'த்துக்கு வசனம் எழுதியவர். 'பராசக்தி' (1952) நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாக ஒப்பித்த தமிழ்நாடு இது. அண்ணன் தங்கை பாசம் என்றால் 'பாசமலர்' (1961) போலப் பேசி அழவேண்டும் என்றுதான் எல்லாரும் எண்ணியிருந்தோம். வசனத்தால் பிழைத்த மனிதர் தாமே டைரக்டரான முதல் படத்தில் வசனத்தை ஒதுக்கி வைத்தார் என்பது வேடிக்கைதான்.

காளி மின்நிலையத்து விஞ்ச் ஓட்டுகிறவன். பெற்றோர் இல்லாத அவனுக்குத் தங்கை வள்ளி ஒருத்திதான் உறவு. முரடன், வாயாடி, யாருக்கும் பணியாதவன். ரஜினிகாந்த் அந்த வேஷத்தில் நடிக்கவில்லை, குடியிருந்தார். தங்கை மணக்க விரும்பும் இன்ஜினீயர் குமரனை அவனுக்கு ஆகாது.

முடிவில் ஊரே வள்ளியை அழைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் புறப்படுகிறது. அவன் மனைவி மங்காவும் அந்தப் பக்கம்தான். ஒற்றைக் கையோடு காளி தனியே நிற்கிறான். சற்றுத் தூரம் போன வள்ளி திரும்புகிறாள். ஓடி வந்து அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள். ஷோபா அப்போது பேச வேண்டியிருக்கவில்லை. கையை இழந்த போதுகூட நமக்குக் காட்டாத ஒன்றைக் காளியின் முகம் அங்கே காட்டிவிடுகிறது. இத்தனை நாள் அவன் போட்ட சண்டையெல்லாம், இவளும் போய்விட்டால் தனக்கு யார் என்ற அநாதைப் பையனின் பயம். அதை மறைக்கத்தான் அந்த முரட்டுத்தனம்.

மறுகணம் பழைய காளி திரும்பிவிடுகிறான். என் தங்கைக்கு நான்தான் பெரிது என்று ஊரைப் பார்த்துப் பெருமையடிக்கிறான். தங்கையைத் தானே கொடுக்கிறான். ஆனால் மாப்பிள்ளையிடம், இப்போதும் உன்னை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறான். இதை நான் மிகவும் ரசித்தேன். வேறொருவராயிருந்தால் மைத்துனர்களைக் கட்டித் தழுவ வைத்து 'சுபம்' போட்டிருப்பார்கள்.

கொட்டகையில் யாரும் விசிலடிக்கவில்லை. அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தூறல் என்று வைத்துக்கொண்டேன், கொட்டகைக்குள் ஏது தூறல்? குளத்தங்கரை வழியே நடந்தோம். பாதி தூரம்வரை பேச்சில்லை.

"ஏலே, பாவூர்சத்திரத்திலேருந்து அம்பாசமுத்திரத்துக்குக் காலையிலே பஸ் எப்பம்?"

"ஆறு மணிக்கு ஒண்ணு இருக்கு, அண்ணாச்சி."

போனார். அத்தானோடு கடைசிவரை அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. ஆனால் வருஷம் தவறாமல் அக்காளுக்குப் பொங்கற்படியைத் தாமே சுமந்துகொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவார்.