ஒரே பெட்டியில் இரண்டு எர்த்: தெருவோரத் தொலைபேசிக் கருவிகளின் நில இணைப்பு

தெருவோரத் தொலைபேசிப் பில்லருக்குள் முன்பெல்லாம் மின்னிணைப்பு கிடையாது. செப்புக் கம்பிகளைச் சேர்க்கும் முனைகள் மட்டுமே இருந்தன. தேவையான மின்சாரம் தொலைபேசி நிலையத்தின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து அதே கம்பிகள் வழியே வந்தது. பிராட்பேண்ட் கருவிகள் நிலையத்தை விட்டுத் தெருவுக்கு இறங்கியதும் இந்த நிலை மாறியது. அத்தகைய பெட்டிக்குள் 230 வோல்ட் இணைப்பு, ரெக்டிஃபையர், பேட்டரி, வீடுகளுக்குப் போகும் கம்பிகள் எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. மின்சாரத்துக்கு ஒரு எர்த், தொலைத்தொடர்புக்குத் தனியே 'சுத்தமான' எர்த் என இரண்டு குழி வெட்டி, இரண்டையும் சேர்க்காமல் விடும் வழக்கம் உயிருக்கே ஆபத்தானது என்பது என் வாதம்.

இந்த வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மண்ணையே திரும்பு பாதையாகப் பயன்படுத்தலாம் என்று 1838இல் ஜெர்மனியின் ஸ்டைன்ஹைல் காட்டினார். தொடக்ககாலத் தொலைபேசிகளும் ஒற்றைக் கம்பியையும் மண்ணையும் நம்பியே பேசின. மின்சார டிராம்கள் வந்ததும் அவற்றின் மின்னோட்டம் மண்வழியே புகுந்து, பேச்சை இரைச்சலில் மூழ்கடித்தது. இரட்டைக் கம்பிக்கு மாறியபின் அந்தத் தொல்லை நீங்கிவிட்டது. மின்வாரிய எர்த்தை அண்டவிடாத மனப்பான்மை மட்டும் அப்படியே தங்கிவிட்டது என்று கருதுகிறேன்.

அதன் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். உள்ளே ஃபேஸ் வயர் தேய்ந்து பெட்டியின் தகட்டில் படுகிறது. பெட்டிக்கு 10 ஓம் எர்த் மட்டுமே இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலின் எர்த் 5 ஓம். ஓடும் மின்னோட்டம் 230ஐ 15ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 15 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு விழாது. பெட்டியோ 153 வோல்ட்டில் நின்றுகொண்டிருக்கும், மழை நாளில் அதன்மேல் கைவைத்து ஒதுங்கும் பள்ளிப் பிள்ளைக்கும் சேர்த்து. 10 ஓம் 'நல்ல' எர்த் என்று பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். கம்பிவழித் திரும்பு பாதை இருந்து மொத்தத் தடை 1 ஓமாக இருந்தால் 230 ஆம்பியர் பாயும், எம்.சி.பி. அந்த நொடியே விழும்.

மின்னலின்போது பிரிவினையின் கேடு வேறு விதமாக வெளிப்படுகிறது. மின்கம்பி வழியே வரும் 10,000 ஆம்பியர் அலையைச் சர்ஜ் அரெஸ்டர் 10 ஓம் எர்த்துக்குள் இறக்கினால், அந்த எர்த் 1,00,000 வோல்ட்டுக்கு எழும்பும். தனித்து நிற்கும் தொலைத்தொடர்பு எர்த் ஏறக்குறைய சுழியத்திலேயே இருக்கும். அந்த வித்தியாசம் முழுவதும் இரண்டுக்கும் நடுவிலுள்ள மின்னணு அட்டையில்தான் விழும். இரண்டையும் ஒரே செப்புப் பட்டையில் கட்டிவிட்டால், வெள்ளத்தில் படகோடு சேர்ந்து அதிலுள்ள பொருள்களும் உயர்வதுபோல் எல்லாம் சேர்ந்தே எழும்பும். இடையில் இழுபறி இருக்காது. வெளிக்கம்பி வழியே ஓரளவு அலை வரத்தான் செய்யும், அதைப் பட்டைக்கு இறக்கிவிடத்தான் ஜி.டி. டியூப் (வாயு நிரம்பிய சர்ஜ் தடுப்பான்).

கட்டுவது என்றால் நியூட்ரலைப் பெட்டியில் கட்டுவது அல்ல. நியூட்ரல் வழியில் அறுந்தால் பெட்டி முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். மின்வாரியத்திடமிருந்து நம்பகமான எர்த் முனை கிடைக்காத இடத்தில் பெட்டிக்கென ஒரே எர்த் அமைப்பும், அதோடு மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கருவி சர்ஜுக்கெல்லாம் விழுந்து தெருவையே துண்டித்துவிடுகிறது என்ற புகார் நியாயமானது. அதற்குத் தீர்வு கருவியைக் கழற்றிப் போடுவதல்ல. தாமதித்து விழும் 100 மில்லி ஆம்பியர் வகையைப் போடலாம். எர்த் 100 ஓமாக இருந்தாலும், அந்தக் கருவி விழாமல் பெட்டியில் நீடிக்கக்கூடிய மின்னழுத்தம் 10 வோல்ட் அளவிலேயே நிற்கும். உயர் மின்னழுத்தத் துணைமின் நிலையத்துக்குள் செல்லும் தொலைபேசி இணைப்பு மட்டும் உண்மையான விதிவிலக்கு. அங்கே எர்த் மின்னழுத்தம் கம்பிவழியே ஊருக்குள் வந்துவிடாதபடி உலோகமற்ற ஃபைபர் அல்லது தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் தேவை.

கைவேலையில் தவறும் இடங்கள் சிறியவை. மிச்சமான பச்சை வயரை வெட்ட மனமின்றிச் சுருட்டிக் கட்டிவைப்பார்கள். மின்னோட்டம் மைக்ரோநொடிக்கு 1,000 ஆம்பியர் வீதம் ஏறினால், நேரான வயரிலேயே மீட்டருக்குச் சுமார் 1,000 வோல்ட் நிற்கும். சுருளில் இன்னும் அதிகம். போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் சுரண்டப்படாமல் இருக்கும். கதவைக் கீலை நம்பியே விட்டிருப்பார்கள். அதற்குத் தனியே பின்னல் செப்புப் பட்டை வேண்டும். ஃபைபர் கேபிளாக இருந்தாலும் அதன் எஃகுக் கவசத்தை நுழைவாயிலிலேயே பட்டையில் கட்ட வேண்டும்.

பரிசோதனையிலும் மாற்றம் தேவை. எர்த் டெஸ்டரில் 2 ஓம் வந்துவிட்டால் திருப்தியடைந்து மூடிவிடக் கூடாது. பிரிந்து கிடக்கும் எர்த்தும் அதே 2 ஓமைக் காட்டும். மின் இணைப்பின் எர்த் முனையிலிருந்து தொலைத்தொடர்புப் பட்டைக்கும், அங்கிருந்து கதவுக்கும் தடையை அளக்க வேண்டும். அது ஓமின் சிறு பின்னமாக இல்லையென்றால் அந்தப் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது.