வேய்ங்குழலைத் துளைத்தவர் யார்?

புல்லாங்குழல் வாசித்தவர்களின் பெயர்களை நாம் அறிவோம். கண்பார்வை இழந்த நிலையிலும் குழலைக் கச்சேரி மேடைக்குரிய வாத்தியமாக உயர்த்திய கும்பகோணம் சரப சாஸ்திரிகள் (1872 - 1904), அவருடைய மாணவர் பல்லடம் சஞ்சீவராவ் (1882 - 1962), மாலி என்று அழைக்கப்பட்ட டி. ஆர். மகாலிங்கம் (1926 - 1986), அவரிடம் பயின்ற என். ரமணி (1934 - 2015) என ஒரு வரிசையை இசை ரசிகர் எவரும் எளிதில் ஒப்புவித்துவிடுவர். ஆனால் சரப சாஸ்திரிகளின் கையிலிருந்த குழலைச் செய்து கொடுத்தவர் யார் என்று கேட்டால் விடை கூறுவார் இல்லை. வாத்தியத்தின் வரலாறு வாசித்தவரின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கின்றது. மூங்கிலை வெட்டி, உலர்த்தி, துளையிட்டவன் அதற்குள் வரவேயில்லை.

இந்தக் குறைக்கு மூங்கிலும் ஒரு காரணம். வெண்கலமும் கல்லும் மண்ணுக்குள் நிலைத்திருக்கும், மூங்கில் நிலைப்பதில்லை. ஈரமும் கறையானும் சில ஆண்டுகளிலேயே அதனை முடித்துவிடும். அமராவதிச் சிற்பங்களில் குறுக்காகப் பிடித்து ஊதும் குழலைக் காண்கிறோம். அக்குழலின் தடயம் கல்லில் இருக்கின்றதேயன்றிக் குழல் இல்லை. ஆகவே, குழல் செய்த கையைத் தேடுபவன் அகழ்வாராய்ச்சியாளரிடம் போவதிலும் பார்க்கப் புலவர்களிடமும் உரையாசிரியர்களிடமும் போவதே பயன் தரும். அதிர்ஷ்டவசமாகத் தமிழில் அத்தகைய சான்றுகள் உள்ளன.

அவற்றுள் பழையது பெரும்பாணாற்றுப்படையில் வருவது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் முல்லை நிலத்து இடையன் ஒருவனைக் காட்டுகின்றார். அவன் தீக்கடைகோலைக் கையால் கடைந்து நெருப்பு உண்டாக்குகின்றான். அந்நெருப்புப் பற்றிய கொள்ளியைக் கொண்டே குழலில் துளையிடுகின்றான். துளையின் வாய் கருகிக் கறுத்திருக்கின்றது. பின்னர் அக்குழலில் பாலைப்பண்ணை வாசிக்கின்றான். அது சலித்தபோது குமிழமரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து அதனை மீட்டுகின்றான். செய்பவனும் வாசிப்பவனும் இங்கே ஒருவனே. தொழில் இன்னும் இரண்டாகப் பிரியவில்லை.

துளை கறுத்திருந்தது என்று புலவர் கூறுவது வெறும் வருணனை அன்று. அது ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. மூங்கிலின் நார்கள் நீளவாக்கில் ஓடுபவை. கூரிய கருவியால் குடைந்தால் நார் பிரிந்து வெடிப்புக் காணும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டால் நார் வெடிக்காது. துளையின் விளிம்பும் கருகி இறுகிவிடும். இன்றும் குழல் செய்பவர்களிற் பலர் பல பருமன்களில் இரும்புக் கம்பிகளை நெருப்பில் வைத்து, ஒன்று மாற்றி ஒன்றாக எடுத்துத்தான் துளையிடுகின்றனர். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளில் கொள்ளிக்கட்டை இரும்புக் கம்பியானதைத் தவிர இந்த ஒரு வேலையில் பெரிதாக எதுவும் மாறவில்லை என்றே கூறவேண்டும்.

அகநானூற்றில் கபிலர் பாடிய ஒரு பாட்டில் (82) மனிதக் கையே இல்லை. அசையும் மூங்கிலில் துளைகள் விழுந்திருக்கின்றன. அவற்றினூடே மேல்காற்றுப் புகுந்து குழலிசையாக ஒலிக்கின்றது. அத்துளைகளை இட்டவை வண்டுகள் என்பது உரைகாரர் கொள்ளும் பொருள். இசையின் தோற்றத்தைச் சொல்ல வருபவர்கள் இக்காட்சியை எடுத்தாள்வது வழக்கம். ஆனால் குழல் செய்பவனிடம் வண்டைப் புகழ்ந்தால் அவன் சிரிப்பான். மூங்கிலின் உள்ளே தேங்கியிருக்கும் மாப்பொருளை நாடி வரும் துளைப்பான் வண்டுதான் அவனுடைய முதற் பகைவன். மாப்பொருள் குறைந்த காலம் பார்த்து வெட்டுவதும், வெட்டியதை மாதக்கணக்கில் ஆறப்போடுவதும் அந்த வண்டுக்கு அஞ்சியே.

செய்முறையை இலக்கணமாகவே எழுதி வைத்தவர் சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார். அரங்கேற்று காதையில் குழலாசிரியனின் தகைமையைச் சொல்லும் இடத்தில், குழல் எப்படிச் செய்யப்பட வேண்டும் என்பதையும் அவர் விரித்துரைக்கின்றார். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்னும் ஐந்தினாலும் குழல் செய்யலாம். அவற்றுள் மூங்கிலே உத்தமம், வெண்கலம் மத்திமம், ஏனையவை அதமம். நாற்றிசைக் காற்றும் மோதி அலைக்கும் இடத்தில் வளர்ந்த மூங்கிலில் நாதம் இராது என்கிறார். இளையதும் ஆகாது, மிக முற்றியதும் ஆகாது. வெட்டியதை நிழலிலே ஆறவிட வேண்டும். முறுகுகின்றதா, பிளக்கின்றதா என்று பார்த்து, ஓராண்டு கழிந்த பின்னரே அதில் கை வைக்க வேண்டும்.

அளவுகளையும் அவர் தருகின்றார். குழலின் நீளம் இருபது விரல். சுற்றளவு நாலரை விரல். நெல்லரிசியில் பாதியளவு கனம் நிற்கும்படி உள்ளே கடைந்து, இடப்பக்க முகத்தை வெண்கல அணைசினால் அடைத்து, வலப்பக்கத்தைத் திறந்து விடவேண்டும். அடைத்த பக்கத்தில் இரண்டு விரல் விட்டு முதல்வாய். அதிலிருந்து ஏழு விரல் விட்டு, மறுமுனையில் இரண்டு விரல் ஒதுக்கி, நடுவே எஞ்சிய ஒன்பது விரலில் எட்டுத் துளைகள். அவற்றுள் கடைசியானது முத்திரை என்று கழிக்கப்படும். மற்றைய ஏழும் ஏழு விரல்களால் வாசிக்கப்படும். கூட்டிப் பாருங்கள்: இரண்டும் ஏழும் ஒன்பதும் இரண்டும் இருபது. கணக்குச் சரியாகவே வருகின்றது.

ஒரு விரலை முக்கால் அங்குலம் என்று கொண்டால் இருபது விரல் பதினைந்து அங்குலம். இன்று கர்நாடக இசை மேடையில் நாம் காணும் நடுத்தர அளவுக் குழலுக்கு இது வெகு அருகில் வருகின்றது. இன்றைய குழலிலும் ஊதும் துளை நீங்கலாக எட்டுத் துளைகளே உள்ளன. பெரும்பாலும் ஏழே விரல்களுக்கு உரியவை. உரையாசிரியர் ஏட்டைப் பார்த்து மட்டும் எழுதவில்லை, ஒரு குழலையாவது கையிலெடுத்துப் பார்த்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

ஆயினும் உரை ஓரிடத்தில் அமைதியாகிவிடுகின்றது. துளை எங்கே என்று சொல்கின்றது. எவ்வளவு பெரிது என்று சொல்லவில்லை. குழலைப் பொறுத்தவரை சுருதியின் உயிர் அங்கேதான் இருக்கின்றது. ஒரே இடத்தில் இடும் துளையைச் சிறிதாக்கினால் சுரம் தாழும், பெரிதாக்கினால் உயரும். மூங்கிலின் உட்குழாயோ ஒருபோதும் ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு முனையில் அகன்று மறுமுனையில் ஒடுங்கும். உட்சுவரில் மேடு பள்ளம் இருக்கும். ஆகவே ஒரு மூங்கிலில் சரியாக வந்த அளவை மற்றொன்றில் அப்படியே இட்டால் சுருதி பிசகும். செய்பவன் முதலில் சிறு துளையாகச் சுட்டு, ஊதிப் பார்த்து, தம்பூராவுடனோ வேறொரு குழலுடனோ ஒப்பிட்டு, மயிரிழை மயிரிழையாகப் பெரிதாக்கிக் கொண்டு போவான். ஊதும் துளையை நோக்கி விளிம்பை அரித்தால் சுரம் ஏறும். அளவு மிஞ்சிவிட்டால் மெழுகு பூசி ஓரளவு குறைக்கலாமேயன்றி இழந்த மூங்கிலைத் திரும்பப் பெற முடியாது. ஊதுபவனின் மூச்சுச் சூடு ஏற ஏறக் குழலின் சுருதியும் சற்று உயரும் என்பதையும் அவன் முன்கூட்டியே மனதிற் கொள்ளவேண்டும். இது காதால் செய்யும் வேலை. ஏட்டில் எழுத முடியாத வேலை. அடியார்க்கு நல்லார் அவ்விடத்தில் பேசாதிருந்தது அவர் குற்றமன்று.

பெரியபுராணத்தில் ஆனாய நாயனார் வரலாறு பாடும் சேக்கிழாரும் குழல் அமைக்கும் முறையைச் சொல்லியே கதைக்குள் செல்கின்றார். நூல்மரபுப்படி வளர்ந்த மூங்கிலில் நுனிப்புறத்தில் நாலும் அடிப்புறத்தில் இரண்டும் நீக்கி, நடுப்பகுதியை எடுத்து, விரற்கணக்கில் இடைவெளி விட்டுத் துளைகளை வரிசையாக்க வேண்டும் என்பது அவர் கூற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ நாட்டில் இது பரவலாக அறியப்பட்ட அறிவாக இருந்திருக்க வேண்டும். அடியவரின் பெருமையைப் பாட வந்தவர் மூங்கிலின் கணக்கையும் விடாமல் சொல்லியிருக்கின்றார்.

இங்கே யாழை நினைக்காமல் இருக்க முடியாது. சிலப்பதிகாரத்தின்படி அரங்கில் முதலில் எழுவது குழல். அதன் வழியில் நிற்பது யாழ். அதன் பின்னரே முழவுகள். அந்த யாழ் அழிந்தது. அதன் வடிவத்தையும் சுருதியையும் ஏடுகளிலிருந்து மீட்டெடுக்க, மட்டக்களப்பு மண்ணின் மைந்தரான காரைதீவுச் சுவாமி விபுலானந்தர் நீண்ட காலம் உழைக்க வேண்டியிருந்தது. அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் 25 அடிகளை அடித்தளமாகக் கொண்டு அவர் இயற்றிய யாழ்நூல் 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே, யூலை 19 ஆம் திகதி, சுவாமிகள் மறைந்தார். உ. வே. சாமிநாதையர் அடியார்க்கு நல்லார் உரையுடன் சிலப்பதிகாரத்தை அச்சேற்றிய 1892 ஆம் ஆண்டே விபுலானந்தர் பிறந்த ஆண்டும் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் பொருத்தம்.

குழலுக்கு அப்படி ஒரு விபுலானந்தர் தேவைப்படவில்லை. அது ஒருபோதும் அழியவில்லை. மாடு மேய்த்தவர்களும், கோயில் வாசலில் விற்றவர்களும், கிராமத்துக் கைவினைஞர்களும் அதனைத் தொடர்ந்து செய்துகொண்டே இருந்தார்கள். அழிந்த யாழுக்கு ஒரு பெருநூல் கிடைத்தது. அழியாத குழலைக் காத்தவர்களுக்கு ஒரு வரி கூடக் கிடைக்கவில்லை. இதில் யாரையும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அது நியாயமும் அன்று.

குழல் கச்சேரி மேடைக்கு ஏறியபின் செய்பவனின் பொறுப்பும் கூடியது. இடையன் தனியே ஊதியபோது குழல் எந்தச் சுருதியில் இருந்தாலும் பாதகமில்லை. பக்கத்தில் வயலினும் மிருதங்கமும் தம்பூராவும் வந்தமர்ந்த பிறகு அப்படியில்லை. வீணையின் தந்தியை முறுக்கலாம். குழலை முறுக்க முடியாது. ஆகவே நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வொரு குழல் வேண்டும். வித்துவான்கள் பெட்டி நிறையக் குழல்களுடன் வருவது ஆடம்பரத்துக்காக அன்று. ரமணி நீண்ட குழலைக் கர்நாடக இசையில் கையாண்டபோது, அதற்கேற்ற நீண்ட கணுவிடைவெளியும் அகன்ற உட்குழாயும் உடைய மூங்கில் தேவைப்பட்டது. வடக்கே, பாரிசாலில் பிறந்த பன்னாலால் கோஷ் (1911 - 1960) உலோகத்தையும் வேறு மரங்களையும் பரிசோதித்துவிட்டு, முடிவில் 32 அங்குல மூங்கில் குழலையே தேர்ந்தார். மூங்கிலே உத்தமம் என்ற பழைய தீர்ப்பை, அதனைப் படிக்காமலே அவர் உறுதிப்படுத்தினார்.

நல்ல மூங்கில் எங்கும் கிடைப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும், மலையாளத்தில் ஈற்ற எனப்படும் மெல்லிய சுவருள்ள நாணல் மூங்கில் இனமும், அசாம் பக்கத்து நீள்கணு மூங்கிலும் குழலுக்குப் பேர்போனவை. இந்த நாணல் மூங்கிலின் உறவினம் ஒன்று இலங்கையின் தென்மேற்கு ஈரவலயக் காடுகளில் உண்டு. சிங்களத்தில் அதன் பெயர் 'பட்ட'. சிங்கள மக்கள் குழலைப் 'பட்டநலாவ' என்றே அழைப்பர்; நாம் வேயிலிருந்து வேய்ங்குழல் என்றது போலவே அவர்களும் செடியின் பெயரையே வாத்தியத்துக்கு வைத்திருக்கின்றனர்.

தொல்காப்பியம் புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பிரிக்கின்றது. அந்த வகையில் மூங்கில் புல். தாவரவியலாரும் அதனைப் புல் குடும்பத்திலேயே வைத்துள்ளனர். ஆனால் இந்தியாவின் 1927 ஆம் ஆண்டு வனச் சட்டம் மூங்கிலை மரம் என்றது. அதனால் காட்டுக்கு வெளியே வளர்ந்த மூங்கிலை வெட்டவும் கொண்டு செல்லவும் அனுமதிச்சீட்டுத் தேவைப்பட்டது. ஒரு கட்டு மூங்கிலுக்காகக் கந்தோர் வாசலில் நிற்கவேண்டிய நிலை சிறு கைவினைஞனுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 90 ஆண்டுகளின் பின், 2017 ஆம் ஆண்டின் இறுதியிலேதான், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் அந்தச் சட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. தொல்காப்பியரை முன்னமே கேட்டிருக்கலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் மூங்கிற் காடுகள் இல்லை. எங்கள் பக்கத்தில் நாதஸ்வரமும் தவிலும் ஓங்கியிருந்த அளவுக்குக் குழல் ஓங்காததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று நான் எண்ணுவதுண்டு. பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில் எனக்குத் தெரிந்த சங்கீத ஆசிரியர் ஒருவர், நீளவாக்கில் வெடித்துப்போன தம் குழலை எறியாமல், வெடிப்பில் தேன்மெழுகை உருக்கி ஊற்றி, மேலே நூலை இறுகச் சுற்றி, உள்ளே நல்லெண்ணெய் பூசி வைத்துக்கொண்டிருந்தார். புதியது வாங்க வழியில்லை. குழலின் மேல் 5 என்று ஓர் எண் சுடப்பட்டிருந்தது. சுருதிக் கட்டை அது. செய்தவரின் பெயர் எங்காவது இருக்கின்றதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேறு எழுத்தேதும் இருக்கவில்லை. "அது இந்தியாவிலையிருந்து ஆரோ கொண்டுவந்து தந்தது தம்பி, செய்த ஆளை ஆர் கண்டது" என்றார்.