அடிக்கும் கை எதைக் கேட்கிறது? உறையூர் வீடுகளில் நடத்தைப் பகுப்பாய்வு

ஆட்டிசமோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ள குழந்தையைத் திருச்சியில் ஒரு தெரபி சென்டருக்கு அழைத்துவரும் பெற்றோர் முதலில் கேட்பது, “வாரத்துக்கு எத்தனை செஷன்?” என்பதுதான். இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1987இல் ஐவார் லோவாஸ் வெளியிட்ட ஆய்வில், வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் இயல்பான அறிவுத்திறன் மதிப்பெண்ணோடு வழக்கமான முதல் வகுப்பை முடித்ததாகச் சொல்லப்பட்டது. அந்தக் குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடிப்பதும் இருந்தன. இவையெல்லாம் மறந்துபோய், 40 என்ற எண் மட்டும் உலகம் சுற்றியது. அந்த எண்ணிக்கையைத் திருச்சி உறையூரின் எந்தக் குடும்பமும் தாங்காது. தாங்க முடியாததைப் பாதியாகவும் கால்வாசியாகவும் வெட்டி விற்பதைத்தான் இன்று ‘பிகேவியர் தெரபி’ என்கிறோம். நாள்தோறும் நடக்கும் சிகிச்சைக்கு ஆய்வுலகிலிருந்து முதலில் வரவேண்டியது மணிக்கணக்கு அல்ல. ஒரு நடத்தை எந்தப் பயனைத் தருவதால் நிலைக்கிறது என்று கண்டறியும் முறையே என்பது என் வாதம்.

அந்த முறைக்கு அடித்தளம் இட்டவர்கள் பிரையன் இவாட்டாவும் அவருடைய சக ஆய்வாளர்களும். 1982இல் அவர்கள், தம்மைத் தாமே அடித்தும் கடித்தும் காயப்படுத்திக்கொண்ட 9 பேரை நான்கு சூழல்களில் மாறிமாறிப் பதினைந்து பதினைந்து நிமிடம் கவனித்தார்கள். ஒன்றில், அடித்துக்கொண்டால் ஒருவர் பதறி வந்து பேசுவார். இன்னொன்றில், அடித்துக்கொண்டால் கொடுத்த பாடவேலை விலக்கப்படும். மூன்றாவதில் குழந்தை தனியே இருக்கும். நான்காவது, ஒப்பிடுவதற்கான விளையாட்டு நேரம். பார்வைக்கு ஒன்றேபோல் இருந்த செயல் ஒருவருக்கு ஒரு சூழலிலும் மற்றவருக்கு வேறு சூழலிலும் மிகுந்தது. நோயின் பெயர் ஒன்றாக இருக்கலாம், காயமும் ஒன்றாக இருக்கலாம், ஆனால் காரணம் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே சிகிச்சையும் வேறாகத்தான் இருக்க வேண்டும். 1985இல் எட்வர்ட் காரும் மார்க் டூரண்டும் அடுத்த அடியை வைத்தார்கள். வேலை கடினமாக இருப்பதால் அடிக்கும் குழந்தைக்கு உதவி கேட்கவும், கவனம் வேண்டி அடிக்கும் குழந்தைக்குத் தன் வேலையைப் பாராட்டச் சொல்லிக் கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். கேட்கத் தெரிந்ததும் அடிப்பது குறைந்தது.

இதை உறையூரில் வைத்துப் பார்க்கலாம். கைத்தறிக்கும் சுருட்டுக்கும் பேர்பெற்ற இந்த ஊரில், பழைய தெருக்களின் வீடுகள் பொதுச்சுவரோடு நிற்பவை. பேச்சு வராத ஆறு வயதுப் பையன் ஒருவன் தரையில் தலையை முட்டுகிறான் என்று கொள்வோம். முதலில் காதையும் பல்லையும் வயிற்றையும் மருத்துவர் பார்த்துவிட வேண்டும். வலியால் முட்டும் குழந்தைக்கு நடத்தைச் சிகிச்சை செய்வது கொடுமை. வலி இல்லை என்று தெரிந்த பிறகு, அம்மாவும் ஆசிரியரும் முட்டுவதற்குச் சற்று முன் நடந்ததையும் உடனே பின்னால் நடந்ததையும் ஒரு வாரம் குறித்து வைக்கிறார்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாளே இதற்குப் போதும். குறிப்பைப் படித்தால், அம்மா எழுத உட்கார வைக்கும்போது முட்டுகிறான். பாட்டி ஓடிவந்து, “விடும்மா, பிள்ளையைப் போட்டு வதைக்காதே” என்று தூக்கிக்கொள்கிறார். பாட்டியின் அன்பில் குறையில்லை. ஆனால் எழுத்து வேலையிலிருந்து விடுதலை தருவது தலைமுட்டல்தான் என்று அந்த வீடு தினமும் அவனுக்குக் கற்பித்துக்கொண்டிருக்கிறது.

இங்கே பல சென்டர்களில் கிடைக்கும் அறிவுரை, “கண்டுக்காம விடுங்க, தானா நின்னுடும்” என்பது. ஆய்வுகள் இதைவிட எச்சரிக்கையாகப் பேசுகின்றன. நடத்தைக்குக் கிடைத்துவந்த பயனை நிறுத்தினால், அது தணிவதற்கு முன் சில வேளை மூர்க்கமாக ஏறும். டோரத்தி லெர்மனும் இவாட்டாவும் 1995இல் 113 பதிவுத் தொகுப்புகளை ஆராய்ந்தபோது, இத்தகைய ஏற்றம் மொத்தத்தில் 24 விழுக்காட்டில் தெரிந்தது. நிறுத்துவதை மட்டும் செய்த இடங்களில் அது 36 விழுக்காடு. வேறு முறைகளும் சேர்ந்த இடங்களில் 12. ஆய்வுக்கூடத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது தாங்கக்கூடிய அபாயமாக இருக்கலாம். பொதுச்சுவர் வீட்டில் அப்படியில்லை. சத்தம் கேட்டு அடுத்த வீட்டார் கதவைத் தட்டுவார்கள், தாத்தா கோபப்படுவார், நாலாம் நாள் யாரோ ஒருவர் இரங்கிவிடுவார். பத்து முறை மறுத்துப் பதினோராம் முறை இணங்கினால், அந்த நடத்தை முன்பைவிட உறுதியாகிறது. இடைவிட்டுக் கிடைக்கும் பயன் நடத்தையை நீடிக்கச் செய்வதைப் பற்றி 1957இலேயே ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் பெரிய நூல் எழுதிவிட்டார்கள். எனவே நம் வீடுகளில் வரிசை தலைகீழாக வேண்டும். ‘போதும்’ என்று காட்டும் ஒரு சைகையையோ பட அட்டையையோ முதலில் கற்பித்து, அதற்கு உடனே ஓய்வு கொடுக்க வேண்டும். பாட்டியிடம், “தூக்காதீங்க” என்று சொல்வதைவிட, “அட்டையைக் காட்டினா உடனே தூக்குங்க பாட்டி” என்று சொல்வது நடக்கக்கூடியது. அவருடைய கருணைக்கு அங்கே இடமும் இருக்கிறது.

இதற்கான கருவிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. செகந்திராபாதில் உள்ள, அறிவுத்திறன் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனத்தில் ரீட்டா பெஷாவரியாவும் எஸ். வெங்கடேசனும் 1992இல் இந்தியக் குழந்தைகளுக்கென உருவாக்கிய நடத்தை மதிப்பீட்டு அளவுகோலின் முதல் பகுதியில் 280 திறன்களும் இரண்டாம் பகுதியில் 75 சிக்கல் நடத்தைகளும் உண்டு. அதே ஆசிரியர்களின் பயிற்சிக் கையேடு முன்நிகழ்வையும் பின்விளைவையும் ஆராயவும் கற்பிக்கிறது. ஆனால் கோப்புகளில் பெரும்பாலும் தங்கிவிடுவது மதிப்பெண் மட்டும். ஒரு நடத்தை எவ்வளவு கடுமை என்பதை மதிப்பெண் சொல்லும். எதற்காக என்று சொல்லாது.

குடும்பத்தை உள்ளே சேர்த்துக்கொள்வதிலும் தமிழ்நாடு பின்தங்கியதல்ல. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பமும் தங்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக வேரூன்றியது. அங்கே பெற்றோருக்குக் குழுவாகக் கற்பித்துச் செய்யப்பட்ட குலுக்கல் முறை ஆய்வு 1999இல் பிரிட்டிஷ் உளமருத்துவ இதழில் வெளியாகி, பெற்றோரின் மனப்பான்மை மேம்பட்டதைக் காட்டியது. மதிக்கத்தக்க பணி அது. ஆனால் அதன் முதன்மை அளவீடு மனப்பான்மை. செவ்வாய்க்கிழமை மாலை அந்தப் பிள்ளை எத்தனை முறை முட்டினான் என்ற எண்ணிக்கையைப் பின்வந்தவர்கள் அதோடு சேர்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கற்றது இடம் மாறிச் செல்வது அடுத்த சிக்கல். ட்ரெவர் ஸ்டோக்ஸும் டொனால்ட் பேரும் 1977இல், கற்றுக்கொடுத்துவிட்டு மற்ற இடங்களில் தானே வரும் என்று நம்பிக் காத்திருப்பதே பரவலான வழக்கம் என்று எழுதினார்கள். குளிரூட்டிய அறையில் காத்திருக்கக் கற்ற பிள்ளை சத்திரம் பேருந்து நிலையத்தில் காத்திருப்பான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் கிடக்கட்டும், சாதாரண நாளில் ஸ்ரீரங்கம் கோபுர வாசலில் பூக்கடை நெரிசலே அவனுக்கு மிகுதி. தண்ணீரைக் கண்டால் ஓடும் பிள்ளைக்கு உய்யக்கொண்டான் வாய்க்காலும் அம்மா மண்டபப் படித்துறையும் உயிர் ஆபத்து. கையைப் பிடித்தபடி நிற்கும் பயிற்சியை அங்கேயே, ஆள் குறைந்த நேரத்தில், தக்க காவலோடு கொடுத்தாக வேண்டும்.

ஒரு மறுப்பை நேராக எதிர்கொள்ள வேண்டும். நடத்தைச் சிகிச்சையில் வளர்ந்த, ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், கண்ணைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதும் கையை ஆட்டவிடாமல் தடுத்ததும் தங்களைப் புண்படுத்தியதாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. மான்ட்ரோஸ் வுல்ஃப் 1978இலேயே சிகிச்சையின் இலக்கு, முறை, பலன் மூன்றையும் அதற்கு உட்படுவோர் ஏற்கிறார்களா என்று பார்க்கச் சொன்னார். யாருக்கும் தீங்கு செய்யாத கையாட்டலை, கல்யாண வீட்டில் உறவினர் கேட்கிறார்கள் என்பதற்காக நிறுத்த முனைவது சிகிச்சை ஆகாது. கையாட்டல் எதற்காக என்று தேடினால், இரைச்சலில் தன்னை ஆற்றிக்கொள்ள என்ற விடை கிடைக்கக்கூடும். அப்போது மாற வேண்டியது இரைச்சல்தான்.

இதை யார் செய்வது? இந்திய மறுவாழ்வு மன்றப் பட்டியலில் நடத்தைப் பகுப்பாய்வாளருக்குத் தனிப் பிரிவு இல்லை. இத்துறையினருக்குச் சான்றளிக்கும் அமெரிக்க வாரியமும் 2023 முதல் இந்தியாவிலிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. எல்லாவற்றையும் அம்மாவின் தலையில் கட்டிவிடுவது எளிது, அநியாயமும்கூட. குறிப்பெடுப்பதை அப்பாவும் அண்ணனும் பங்கிட வேண்டும். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்து 2016இல் வெளியான ஆய்வில், சிறப்புப் பட்டம் இல்லாத சுகாதாரப் பணியாளர்களே வீடு தேடிச்சென்று பெற்றோருக்கு வழிகாட்டினார்கள். அது நடத்தைப் பகுப்பாய்வு வழி வந்ததல்ல. ஆனாலும் நல்ல மேற்பார்வை இருந்தால் பட்டம் இல்லாதவரும் இத்தகைய பணியைச் செவ்வனே செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

மேற்பார்வைக்குத் திருச்சியில் ஆள் இருக்கிறார்கள். ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியல் துறை உண்டு. உறையூருக்கு அருகே பிஷப் ஹீபர் கல்லூரியில் சமூகப்பணித் துறை உண்டு. முதுகலை மாணவர்கள் பெற்றோரின் மன அழுத்தம் பற்றி வினாத்தாள் கொடுத்துச் சதவிகிதம் போடுவதற்குப் பதிலாக, மூன்று வீடுகளில் மூன்று குழந்தைகளை எடுத்துக்கொள்ளலாம். மூன்று வீட்டிலும் சிக்கல் நடத்தையை எண்ணுவதை ஒரே நாளில் தொடங்கி, சிகிச்சையை மட்டும் முதல் வீட்டில் இரண்டாம் வாரமும், அடுத்ததில் நான்காம் வாரமும், கடைசி வீட்டில் ஆறாம் வாரமும் ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு வீட்டிலும் சிகிச்சை தொடங்கிய பின்னரே எண்ணிக்கை இறங்கினால், மாற்றம் அதனால்தான் என்று துணிந்து சொல்லலாம். எந்தக் குழந்தைக்கும் சிகிச்சையை மறுத்து ஒப்பீட்டுக் குழுவில் உட்கார வைக்க வேண்டியதில்லை. கடுமையாகக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளைக் காக்க வைக்காமல் நேரே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மற்றவர்களுக்கு இந்த ஏற்பாடு ஒரு செமஸ்டருக்குள் அடங்கும்.