அஞ்சலட்டையும் பாட்டேடும்

விக்டோரியா காலத்து வேல்ஸுக்குச் சென்ற பயணிகள், உயர்ந்த கருந்தொப்பியும் சால்வையும் அணிந்த பெண்களின் அச்சுப்படங்களை நினைவுப்பொருளாக வாங்கினர். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொச்சி யூதர்களும் அவ்வாறே பட அஞ்சலட்டைகளில் இடம்பெற்றனர். அவற்றின் தலைப்புகளில் பெரும்பாலும் ஆட்பெயர் இராது. ‘வெள்ளை யூதர்’, ‘கறுப்பு யூதர்’ என்ற வகைப்பெயரே இருக்கும். மட்டாஞ்சேரியில் இச்சொற்கள் வெறும் வருணனை அல்ல. 1568-இல் எழுந்த பரதேசி ஜெபாலயத்தில் யாருக்கு உரிமை என்பதையே அவை வரையறுத்தன.

அப்பெண்கள் உடுத்தியது மலையாள மண்ணின் முண்டு. பாடியது யூத மலையாளம். ஜெபாலயங்கள் எழுந்த கதைகளையும் மணப்பாடல்களையும் அவர்கள் கையேடுகளில் எழுதிவைத்தனர். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அவ்வேடுகளும் உடன் சென்றன.

அஞ்சலட்டை, வாங்கியவரின் பார்வைக்குச் சான்று. உடுத்தியவர் தம்மைப் பற்றிச் சொன்னதை அறிய, பாட்டேட்டையே புரட்ட வேண்டும்.