பாம்பன் தீவின் கரைகள்

கொங்கு நாட்டிற்குக் கடற்கரை இல்லை. மேற்கே வெள்ளியங்கிரியும் வடக்கே நீலமலையும் அரணாக நிற்க, நொய்யலும் பவானியும் காவிரியைத் தேடி ஓடும் நிலம் இது. துடியலூர் போன்ற ஊர்களில் வாழ்வோர்க்குக் கடல் என்பது பயணம் செய்து காண வேண்டிய பொருள். ஆயினும் கடல் கொங்கிற்கு அயலானதன்று. நொய்யற்கரையிலுள்ள கொடுமணலில் 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில், இரும்பு உருக்கியதற்கும் மணிகள் செய்ததற்கும் சான்றுகள் கிடைத்த அதே மண்ணில் சங்கு வளையல்களும் கிடைத்தன. பதிற்றுப்பத்தும் கொடுமணத்தின் அணிகலன்களையும் கடற்பட்டினமாகிய பந்தரின் முத்துகளையும் சேர்த்தே பாடுகிறது. உள்நாட்டுப் பெண்ணின் கையில் ஏறிய வளை, எங்கோ ஒருவர் மூச்சடக்கி மூழ்கி எடுத்த சங்கு. கரை என்பது முதலில் உழைப்பின் இடம்; காட்சியின் இடமாக அது ஆனது பின்னரே. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவது பாம்பன் தீவின் வரலாறு.

ஆண்கடலும் பெண்கடலும்

இராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம், தனுஷ்கோடி ஆகிய ஊர்களைத் தாங்கிய இச்சிறு தீவின் வடபால் பாக் நீரிணை. தென்பால் மன்னார் வளைகுடா. அடங்கிக் கிடக்கும் வடகடலைப் பெண்கடல் என்றும், அலையெறியும் தென்கடலை ஆண்கடல் என்றும் தீவு மக்கள் வழங்குவர். கிழக்கே செல்லச் செல்ல நிலம் ஒடுங்கி, அரிச்சல்முனையில் இரு கடலும் ஒன்றையொன்று தொடுகின்றன. தென்மேற்குக் காற்று வீசுங்கால் தென்கடல் கொந்தளிக்கும். வாடைக்காலத்தில் வடகடல் சீறும். காற்றின் போக்கறிந்து கடல் மாறித் தொழில் செய்வது இக்கரையின் பழைய அறிவு.

நீராடும் கரை

வெளியூரார் அறிந்த கரை நீராடும் கரையே. இராமநாதசுவாமி கோயிலின் கிழக்கேயுள்ள கடல் அக்கினி தீர்த்தம் எனப் போற்றப்படுகிறது. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் மக்கள் திரண்டு, கடலாடி, பின் கோயிலினுள் உள்ள 22 தீர்த்தங்களிலும் நீராடுவர். சேதுவின் மணலை எடுத்துச் சென்று கங்கையில் கரைப்பதும், கங்கை நீரைக் கொணர்ந்து இங்கே வழிபடுவதும் நெடுநாளைய வழக்கம். இக்கரையின் ஒரு பிடி மணல் வடபுலத்தையும் தென்புலத்தையும் இணைத்திருக்கிறது.

அடியார் நீராடிச் செல்ல, அவரைச் சுமந்த படகுகளும் இக்கரையில்தான் உருவாயின. குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாமின் தந்தையார், இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு அடியார்களை ஏற்றிச் செல்லக் கடற்கரையிலேயே மரப்படகு கட்டியதையும், பின்னர் புயல் அதனைக் கொண்டு சென்றதையும் கலாம் தம் ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் பதிவு செய்துள்ளார். இந்துக்களின் புனித நீராடலுக்கு ஓர் இசுலாமியரின் படகு துணை நின்றது என்பது இக்கரையின் இயல்பான வாழ்வு.

வாயிலான கரை

1914-ஆம் ஆண்டு பாம்பன் தொடர்வண்டிப் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் வண்டியேறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் வண்டியேறிக் கொழும்பு அடையலாம். இந்த வழியாகவே ஏராளமான தமிழ்த் தொழிலாளர் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர்.

அவர்தம் வழித்தோன்றல்களில் பலரை இந்தியாவிற்குத் திருப்பியனுப்ப வகைசெய்த சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தானது. பின்வந்த ஆண்டுகளில் திரும்பியோர் பலர் மீண்டும் இத்தீவின் கரையிலேயே இறங்கினர். அவர்களுக்கு வாழ்வளிக்க 1968-இல் அரசு தேயிலைத் திட்டம் நீலகிரியில் தொடங்கப்பட்டது. கோவையிலிருந்து நீலகிரிக்கு ஏறும் சாலையில் இருப்பது துடியலூர். பாம்பன் கரையில் தொடங்கிய ஒரு பெரும் துயரப் பயணம் இவ்வூர் வாயிலாகவும் மலையேறியிருக்கிறது என்பது கொங்கில் அதிகம் பேசப்படாத செய்தி.

அழிந்த கரை

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரு திங்கள் நிறையுமுன், 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து வந்த பயணியர் தொடர்வண்டி, தனுஷ்கோடியை நெருங்கிய வேளையில் அலையால் அடித்துச் செல்லப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலையமும் கோயிலும் தேவாலயமும் குடியிருப்புகளும் இடிந்தன. சிதைந்த பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையிலான குழுவினர் 46 நாள்களில் சீரமைத்தனர். தனுஷ்கோடியோ மீளவில்லை. வாழத் தகுதியற்ற ஊர் என அரசு அறிவித்தது. கப்பல் இராமேசுவரத்திற்கு இடம் மாறி, 1980-களின் போர்ச் சூழலில் அதுவும் நின்றது.

புயல் நிகழ்ந்து ஓராண்டும் சில திங்களும் கழிந்த 1966 ஏப்ரலில், மிகிர் சென் இலங்கையிலிருந்து பாக் நீரிணையை 25 மணி நேரத்திற்கும் மேலாக நீந்திக் கடந்து தனுஷ்கோடியில் கரையேறினார். உலகச் செய்தியில் அவ்வூர் மீண்டும் இடம்பெற்றது அவ்வாறே.

உழைக்கும் கரை

அரசு கைவிட்ட மணலை மீனவர் கைவிடவில்லை. மின்சாரமின்றி, ஓலைக் குடிசைகளில், மணலைக் கையால் தோண்டி ஊறும் நன்னீரைக் குடித்து அங்கேயே வாழ்ந்தனர். கடலில் வளைத்து விட்ட வலையின் இரு கயிறுகளையும் கரையில் இரு அணியினர் நின்று இழுப்பது கரைவலை. அதன் இழுப்புக்கு ஒத்திசைவாக எழுவதே அம்பாப் பாட்டு. விசைப்படகுகள் பெருகியதால் கரைவலை குறைய, பாட்டும் குறைந்து வருகிறது.

பெண்களின் தொழில் பாசி எடுத்தல். விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கி, பாறையில் படர்ந்த மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பறிப்பர். இனிப்புக் கடையில் ‘கடற்பாசி’ எனக் கிடைப்பது இத்தகைய உழைப்பின் விளைவு. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், தலைமுறையாகச் சென்ற இடங்களுக்கு இவர்கள் செல்வது தடையாயிற்று. எனினும் கடலைக் காக்கும் பொறுப்பை இவர்களும் ஏற்று, பாசி எடுக்கும் நாள்களைத் திங்களுக்குப் பன்னிரண்டாகக் குறைத்துக்கொண்டனர். இவர்களை வழிநடத்திய சின்னப்பாலத்து இலட்சுமிக்கு 2015-இல் தீவுச் சூழல் காப்பிற்கான சீகாலஜி பரிசு கிடைத்தது.

காணும் கரை

2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. நடந்தும் மணலூர்தியிலும் சென்ற இடத்திற்கு இன்று பேருந்து செல்கிறது. இடிந்த தேவாலயத்தின் முன் மக்கள் நிழற்படம் எடுக்கின்றனர். சங்குப் பொருள் விற்போர்க்கு வருவாய் உண்டு. அது நன்றே. ஆயினும் கரை காட்சிப்பொருளாகும்போது வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் இடம் எங்கே என்ற வினா எழுகிறது. வாழத் தகுதியற்றது எனப்பட்ட மணலில் வாழ்ந்து காட்டியவர்க்கு அம்மண்மேல் உள்ள உரிமை, மாலையில் திரும்பிச் செல்வோரின் வசதிக்குப் பின்னே தள்ளப்படலாகாது.

நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக்கிய முன்னோர், மீன்பிடித்தலையும் உப்பு விளைத்தலையும் கருப்பொருளாக வைக்க மறக்கவில்லை. இன்றைய கடற்கவிதைகளில் அலையும் நிலவும் உண்டு. கரைவலைக் கயிறும் பாசி பறிக்கும் விரலும் அரிது. அம்பாப் பாட்டுகளைப் பாடுவோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது இலக்கிய வட்டங்கள் மேற்கொள்ளத்தக்க பணி. கடல் இல்லாத நாட்டிலிருந்து செல்லும் கவிஞர்க்கும் அப்பணியில் பங்குண்டு. கொடுமணலின் சங்கு வளையே அதற்குச் சான்று.